இடதுபக்கம் விழ வேண்டிய நிழல்

நகராட்சி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், கழிவறைக்கும் உடைந்த நாற்காலிகள் அடுக்கிய அறைக்கும் நடுவில் இருக்கிறது படச் சரிபார்ப்புப் பிரிவு. பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மேஜை, ஒரு கணினி, ஒரு மின்விசிறி, ஒரு அம்மாள். அவ்வளவுதான். அம்மாள் விடுப்பு எடுத்தால் பிரிவுக்கே விடுமுறை. அதனால் அவள் விடுப்பு எடுப்பதில்லை.

தெருவிளக்கு மாற்றினோம், சாக்கடைக்கு மூடி போட்டோம், சாலைக் குழியை அடைத்தோம் என்று கான்ட்ராக்டர்கள் அனுப்பும் படங்களைப் பார்த்து, சரி அல்லது சரியில்லை என்று எழுதுவது அவள் வேலை. முன்பெல்லாம் ஒரு அதிகாரி ஜீப்பில் போய் நேரில் பார்த்துவிட்டு வருவார். ஜீப் படுத்துவிட்டது. அதை எழுப்புவதைவிடப் படம் அனுப்பச் சொல்வது சுலபம் என்று மேலே இருப்பவர்கள் முடிவெடுத்தார்கள். சுலபம்தான். ஒரே விளக்குக் கம்பத்தை நாலு கோணத்தில் எடுத்து, நாலு தெருவின் பெயரை எழுதி அனுப்புவது அதைவிடச் சுலபம் என்று கான்ட்ராக்டர்கள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

முதல் வருடம் அம்மாள் எல்லாவற்றுக்கும் சரி போட்டாள். பிறகு ஒரு நாள் ஒரு கம்பத்தின் படம் வந்தது. காலை எட்டு மணிக்கு எடுத்தது என்று எழுதியிருந்தது. வரைபடத்தில் அந்தத் தெரு கிழக்கு மேற்காக ஓடியது. காலை வெயிலில் கம்பத்தின் நிழல் தெருவோடு போக வேண்டும். படத்திலோ அது தெருவைக் குறுக்கே கடந்து எதிர்ச் சுவரில் ஏறியிருந்தது. ஒன்று சூரியன் அன்றைக்குத் தெற்கில் உதித்திருக்க வேண்டும், அல்லது கான்ட்ராக்டர் புளுகியிருக்க வேண்டும். சூரியனைப் பற்றி நகராட்சிக்கு அதுவரை புகார் எதுவும் வந்ததில்லை.

அன்றிலிருந்து அவளுக்குப் பித்துப் பிடித்துக்கொண்டது. மகளின் பழைய ஜியாமெட்ரி பெட்டியைத் தேடி எடுத்தாள். எந்த மாதத்தில் எந்த மணிக்குச் சூரியன் எங்கே நிற்கும் என்ற அட்டவணையை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினாள். விளக்குக் கம்பம் எட்டு மீட்டர், கைப்பிடிக் கம்பி ஒரு மீட்டர் என்று உயரங்களை மனப்பாடம் செய்தாள். நிழல் விழும் பக்கத்தை வைத்துக் காலையா மாலையா, நீளத்தை வைத்து மணி என்ன, தெருவுக்கும் நிழலுக்கும் உள்ள சாய்வை வைத்து அது எந்தத் தெரு என்று சொல்ல ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் என்று ஒருவர் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு அவருக்கே போன் போட்டாள்.

"சார், உங்க வீட்டுப் பின்பக்கச் சுவர் ரொம்ப நல்லா இருக்கு. வெள்ளை அடிச்சிருக்கீங்க போல. ஆனா அது எங்க லிஸ்ட்ல இல்ல."

அதன்பிறகு அவளுக்கு 'நிழல் மேடம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. எட்டு வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு படங்களைத் திருப்பி அனுப்பினாள். அறுபது பேர் மேல்முறையீடு செய்தார்கள். ஒருவருடைய பருப்பும் வேகவில்லை. "ஒரு தடவையாவது நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்களேம்மா" என்று பிரிவு அதிகாரி ஒரு முறை சொன்னார். "நிழல் இருக்கும்போது நான் எதுக்கு சார்?" என்றாள்.

அவள் கணவர் டிரைவர். முப்பத்தோரு வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். பணியில் கடைசி வருடம், ஒரு நாள் சாயங்காலம் வழக்கத்தைவிடத் தாமதமாக, சட்டை தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்தார். கேட்டதற்கு "வாயு" என்றார். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் அதற்கு வேறு பெயர் சொன்னார்கள். இதயக் குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பு. அதை நீக்கிய பிறகு, டாக்டர் அம்மாளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தினம் நாலு கிலோமீட்டர் நடக்கணும். நடந்தார்னா நல்லா இருப்பார். நடக்கலைன்னா அடுத்த தடவை நான் ஒண்ணும் செய்ய முடியாது. அவர்கிட்ட சொன்னா சிரிக்கிறார். அதனால உங்ககிட்ட சொல்றேன்."

அம்மாள் அன்று ரொம்பப் பயந்துபோனாள். அந்தப் பயம் பிறகு போகவே இல்லை. அவர் மத்தியானம் கண்ணயர்ந்தால்கூட மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். இதையெல்லாம் வாயால் சொல்ல அவளுக்கு வராது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அந்த வீட்டில் அப்படிப்பட்ட பேச்சு யாரும் பேசிப் பழகவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே வழியில் காட்டினாள். ஏரியைச் சுற்றி நடைபாதை இருந்தது. ஒரு சுற்று இரண்டு கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குப் போய் இரண்டு சுற்று நடக்க வேண்டும், ஏழரைக்கு அங்கிருந்து ஒரு படம் அனுப்ப வேண்டும் என்றாள்.

"போனேன்னு சொன்னா நம்ப மாட்டியா?" என்றார் டிரைவர்.

"நம்புவேன். படமும் அனுப்புங்க."

மூன்று வாரம் ஒழுங்காக வந்தது. ஏரி வாசல் கேட்டின் பக்கத்தில் அவர் நிற்பார். வாட்ச்மேன் எடுத்துக் கொடுப்பார். வாசல் தூணின் நிழல் ஏழரை மணிக்கு எவ்வளவு நீள வேண்டுமோ அவ்வளவு நீண்டிருக்கும். நாலாவது வாரம் திங்கட்கிழமைப் படத்தில் தூணின் உயரத்தைப் போல இரண்டே முக்கால் மடங்கு இருக்க வேண்டிய நிழல், தூணின் உயரத்தோடு நின்றுபோயிருந்தது. அப்படியென்றால் மணி ஒன்பதைத் தாண்டியிருக்க வேண்டும். அவள் படத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை நிழல் நாலு விரல் குறைந்தது. புதன்கிழமை இன்னும் நாலு விரல். ஐந்து நாளைக்கு ஐந்து சட்டை; நிழல் மட்டும் வரிசையாகத் தேய்ந்துகொண்டே வந்தது. வெள்ளிக்கிழமை ஐந்து படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டாள். ஒரே நாளில், ஒன்பது பத்துக்கு ஆரம்பித்து, நாலு நிமிடத்துக்கு ஒரு படம். சட்டை மாற்ற அவருக்கு நாலு நிமிடம் ஆகும் என்பது அவளுக்குத் தெரிந்ததுதான்.

வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. சாயங்காலம் டிரைவர் தண்ணீர் எடுக்கப் போனபோது ஃபிரிஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நகராட்சியின் நிராகரிப்புப் படிவம். முத்திரை மட்டும்தான் இல்லை. 'காரணம்: நிழலின் நீளம் குறிப்பிட்ட நேரத்தோடு பொருந்தவில்லை. ஐந்து படங்களும் ஒரே நாளில் எடுக்கப்பட்டவை.' அதன் கீழே புதிய நிபந்தனைகள். படம் வாசலில் எடுக்கக் கூடாது. பாதிச் சுற்று தாண்டி, ஏரியின் தென்கரையில், பம்ப் ஹவுசுக்கு அந்தப் பக்கம் எடுக்க வேண்டும். வேறு ஆள் எடுக்கக் கூடாது. தன் கையாலேயே எடுக்க வேண்டும். முகம் தெரிய வேண்டும்.

டிரைவர் படித்துவிட்டுத் தண்ணீரைக் குடித்தார்.

"இத்தனை நாளா எங்க போயிட்டிருந்தீங்க?"

"டிப்போ கேன்டீன்."

"ஏன்?"

"சும்மா."

அம்மாள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேன்டீனில் வறுத்ததும் பொரித்ததும் கிடைக்கும். சோம்பேறித்தனம், நாக்கு ருசி, பழைய கூட்டாளிகள். காரணம் தெளிவாகத்தான் இருந்தது.

அடுத்த பன்னிரண்டு நாள் படமே வரவில்லை. தினமும் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு போவார். எட்டரைக்குத் திரும்பி வருவார். "படம்?" என்பாள். "நாளைக்கு" என்பார். பதின்மூன்றாம் நாள் காலை ஏழு முப்பத்தொன்றுக்கு வந்தது. டிரைவர் முகம் முழுவதும் வேர்வை. பின்னால் கைப்பிடிக் கம்பி, அதற்குப் பின்னால் தண்ணீர். கண்ணை அகல விழித்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்திருந்தார். கல்யாணப் படத்தில்கூட அவர் அப்படிச் சிரித்ததில்லை.

அன்றைக்கு மேஜையில் நாற்பது சாக்கடை மூடிகள் காத்திருந்தன. அவற்றுக்கு நடுவே அம்மாள் கணவரின் படத்தையும் எடுத்து அளந்தாள். தென்கரையில் நின்று ஏரியைப் பின்னால் வைத்து எடுத்த படம். ஆகவே கேமரா வடக்கே பார்க்கிறது. மேற்கு இடதுபக்கம், கிழக்கு வலதுபக்கம். காலையில் கம்பியின் நிழல் இடதுபக்கம் விழ வேண்டும். விழுந்திருந்தது வலதுபக்கம். சூரியன் மேற்கில் இருக்கிறது. ஒரு மீட்டர் கம்பிக்கு இரண்டே முக்கால் மீட்டர் நிழல். மாலை ஐந்து மணி. இன்னொரு தடவை அளந்தாள். மாலை ஐந்து மணிதான்.

வீட்டுக்கு வந்தபோது டிரைவர் ஒரு மாதிரி உற்சாகமாக இருந்தார். காப்பி குடித்த டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்திருந்தார். சோபாவில் உட்கார்ந்து, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளையைப் போல அவள் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பையிலிருந்து படிவம் வந்தது.

"என்னது இது?"

"படிச்சுப் பாருங்க."

"சாயங்காலம் எடுத்ததா? இன்னிக்குக் காலையில எடுத்ததும்மா. நான் அங்க நின்னேன்."

"நேத்து சாயங்காலம் கடைக்குப் போறேன்னு போனீங்க."

"கடைக்குத்தான் போனேன். சோப்பு வாங்கிட்டு வந்தேனே!"

"நிழல் பொய் சொல்லாதுங்க."

"அப்ப நான் சொல்றேன். அதானே?"

"நான் அப்படிச் சொல்லல. படிவம்தான் சொல்லுது."

டிரைவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை ஏழு மணிக்குச் செருப்பு வாசலிலேயே கிடந்தது. அதற்கு மறுநாளும் கிடந்தது.

ஒன்பது நாள் ஆயிற்று. மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனவர் படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். அம்மாள் கீழிருந்து பார்த்தாள்.

"நாளைக்காவது போயிட்டு வாங்களேன். படம் வேணாம்."

"நான் எதுக்கும்மா? நிழல்கிட்ட சொல்லு. அதுவே போயிட்டு வரும்."

பத்தாவது நாள் அலுவலகத்தில் எல்லாருக்கும் புதிய அடையாள அட்டை தருவதாக உத்தரவு வந்தது. கீழ்த் தளத்து டைப்பிஸ்ட் பெண் ஒவ்வொரு அறையாகப் போய்ப் படம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மேடம், நீங்களே ஒரு செல்ஃபி எடுத்து அனுப்பிடுங்க."

அம்மாள் வாழ்நாளில் செல்ஃபி எடுத்ததில்லை. அவள் பார்ப்பதெல்லாம் கம்பமும் மூடியும். அவை தம்மைத் தாமே எடுத்துக்கொள்வதில்லை. டைப்பிஸ்ட் எந்த இடத்தில் அழுத்துவது என்று காட்டிக் கொடுத்தாள். அம்மாள் நாற்காலியில் நேராக உட்கார்ந்து அழுத்தினாள். படத்தைப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"இந்த ரூமுக்கு ஜன்னல் எங்க இருக்கு?" என்றாள்.

டைப்பிஸ்ட் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். "அங்கதான் மேடம் இருக்கு."

"அது மேற்கு. நான் தெற்கே பாத்து உக்காந்திருக்கேன். படத்துல மேற்கு இடது பக்கம் வரணும். வலது பக்கம் வந்திருக்கு."

எட்டு வருடமாக அசையாத ஜன்னல் எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. விதிப்படி பார்த்தால் அம்மாள் தன் அலுவலகத்திலேயே இல்லை. இந்தப் படத்தை யாராவது கான்ட்ராக்டர் அனுப்பியிருந்தால் பேசாமல் நிராகரித்திருப்பாள்.

"முன்பக்க கேமரா அப்படித்தான் மேடம். கண்ணாடி மாதிரி இடம் வலம் மாத்திக் காட்டும். சில போன்ல சரியாயிடும், உங்க போன்ல அப்படியே சேவ் ஆகுது போல. செட்டிங்ஸ்ல மாத்திக்கலாம்."

"இது எல்லாருக்கும் தெரியுமா?"

"சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் மேடம்."

அம்மாளின் போனும் டிரைவரின் போனும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை. ஒன்றுக்கு நீல உறை, ஒன்றுக்குக் கறுப்பு உறை. டைப்பிஸ்ட் போனதும் கணவரின் படத்தை அச்செடுத்தாள். சட்டைப் பை வலது மார்பில் இருந்தது. பத்து நாளைக்கு முன்பு அந்தப் படத்தை இரண்டு தடவை அளந்தவள், அதில் இருந்த மனுஷனை ஒரு தடவைகூடச் சரியாகப் பார்க்கவில்லை. தாளைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் முதுகுப் பக்கமாகப் பிடித்தாள். பை இடது மார்புக்கு வந்தது. கம்பியின் நிழல் இடதுபக்கம் விழுந்தது. காலை ஏழு முப்பது. தென்கரை. பம்ப் ஹவுஸ் தாண்டி நூறடி. ஒவ்வொரு நிபந்தனையும் அப்படியே நிறைவேறியிருந்தது. வேறு ஆள் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனை போட்டதே அவள்தான். வாட்ச்மேன் எடுத்திருந்தால் நிழல் சரியான பக்கம் விழுந்திருக்கும்.

போனை எடுத்தாள். இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. மூன்றாம் தடவை எடுத்தார்.

"எங்க இருக்கீங்க?" என்றாள்.

"யாரு பேசறது?" என்றார்.

"நான்தாங்க. எங்க இருக்கீங்க?"

இத்தனை நாளில் அவள் அதைப் போன் போட்டுக் கேட்டதே இல்லை. கேட்க வேண்டிய அவசியம் வந்ததில்லை. படம் வரும், அளந்துகொள்வாள்.

"ஏரியில."

"ஏரியில எங்க?"

"பம்ப் ஹவுசுக்கு முன்னாடி ஒரு பெஞ்சு இருக்கு. அதுல. படம் அனுப்பவா?"

"வேணாம். அங்கேயே இருங்க. வரேன்."

அரை நாள் விடுப்பு என்றதும் பிரிவு அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை, ஆகக் கூடாதென்றுதான் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். ஆட்டோ வாசல் வரைக்கும்தான் போனது. உள்ளே ஒரு கிலோமீட்டர் நடந்தாள். மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. வரைபடத்தில் அந்த ஏரியின் ஒவ்வொரு வளைவும் அவளுக்கு அத்துப்படி. நேரில் வருவது இதுவே முதல் தடவை. இவ்வளவு பெரிய ஏரி என்று அவள் நினைத்திருக்கவில்லை.

டிரைவர் முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பஸ் கிளம்பும் நேரத்துக்குக் காத்திருப்பவரைப் போல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"தினம் இங்கதான் வர்றீங்களா?"

"நீ ஆபீஸ் போனதும் வருவேன். கொஞ்ச நேரம் உக்காருவேன். வீட்டுக்குப் போயிடுவேன்."

"இதுவரைக்கும் வர்றீங்க. இன்னும் நாலடி வச்சா பாதிச் சுற்று."

"அந்த நாலடிதான் வர மாட்டேங்குது" என்றார். பிறகு, யாரோ மூன்றாம் மனிதருக்கு நடந்ததைச் சொல்வதைப் போல, குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார். "அன்னிக்கு நெஞ்சு வலிச்சுதே, அது இங்கதான். டியூட்டி முடிஞ்சு காத்து வாங்கலாம்னு வந்தேன். இந்த பெஞ்சுல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். எத்தனையோ பேரு கடந்து போனாங்க. யாரையும் கூப்பிட வாய் வரல. செத்துருவேன்னு நெனச்சேன். அப்புறம் எந்திரிச்சு வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் இந்த இடம் வந்தா காலு கட்டின மாதிரி நின்னுடுது. வாசல்ல நின்னு படம் எடுத்ததும் அதுக்குத்தான். சட்டை மாத்தினதும் அதுக்குத்தான்."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"போனைக் கையில எடுத்தேன். பண்ணா நீ என்ன கேப்பே? நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு கேப்பே."

அம்மாள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"அந்தப் பக்கம் போய் எடுக்கணும்னு நீ எழுதி ஒட்டின பிறகு பன்னண்டு நாள் இதுவரைக்கும் வந்து திரும்பிப் போனேன். அந்த ஒரு நாள்தான் தாண்டினேன். கம்பியைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டுத் தாண்டிட்டேன். உடனே உனக்குப் படம் எடுத்தேன்."

வேர்வை வழிய, பல்லெல்லாம் தெரியச் சிரித்த முகம். அதற்குத்தான் அவள் மாலை ஐந்து மணி என்று எழுதி, படிவத்தில் சரியில்லை என்று குறித்துக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட அழாதவள், புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கடந்து போன ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

"அந்தப் படம் சரி" என்றாள். "காலையில எடுத்ததுதான். நீங்க அங்கதான் நின்னீங்க. நான்தான் தப்பு."

எட்டு வருடத்தில் அறுபது பேர் அந்த வார்த்தையை அவளிடமிருந்து வாங்கப் பார்த்துத் தோற்றுப்போயிருந்தார்கள். டிரைவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த படிவத்தை எடுத்து நீட்டினார்.

"எழுத்துல குடு."

அவள் கைப்பையைத் துழாவிப் பேனாவை எடுத்தாள். நிராகரித்ததை ரத்து செய்ய அந்தப் படிவத்தில் இடமே கிடையாது. மேலிருந்து கீழ் வரை குறுக்காக ஒரு கோடு போட்டு, 'நேரில் கேட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவர் வாங்கிப் படித்துவிட்டு மறுபடி மடித்து வைத்துக்கொண்டார்.

"போலாமா?" என்றாள்.

"எந்தப் பக்கம்?"

"நீங்க சொல்லுங்க."

அவர் வாசல் பக்கம் பார்த்தார். பம்ப் ஹவுஸ் பக்கம் பார்த்தார். எழுந்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அவளிடம் கொடுத்தார். உள்ளங்கை சில்லென்று நனைந்திருந்தது. பம்ப் ஹவுசை நோக்கி ஓரடி வைத்தார். அடுத்த அடி வைக்காமல் நின்றார்.

"பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றார்.

அவள் அப்படியே நம்பினாள். கையை விடாமல், அவர் அடுத்த அடி எடுத்து வைக்கும்வரை வெயிலில் நின்றாள்.